கணக்கில் சேராத ஆட்டங்கள்

ஜெயித்தால் புள்ளி கிடையாது. தோற்றால் மறுநாள் பேப்பரில் திட்டு கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் ஸ்கோர் சமமாக இருந்தால் இரண்டு அணிகளும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடும். பெரிய நட்சத்திரம் மூன்று இன்னிங்ஸ் ஆடிவிட்டுக் குளித்து வீட்டுக்குப் போய்விடுவார். அவர் இடத்தில் பேர் தெரியாத பையன் ஒருவன் வந்து நிற்பான். இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பார்ப்பதற்காக விமான டிக்கெட் எடுத்து, ஓட்டல் அறை பிடித்து, வாடகைக் கார் அமர்த்தி, குழந்தை குட்டிகளோடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போகிறவர்களை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் அதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயர்.

ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி நடுவில், வடக்கே பனி உறைந்து கிடக்கும்போது, மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளும் சூரியனைத் தேடிக் கிளம்புகின்றன. 15 அணிகள் அரிசோனாவுக்கு; மீதி 15 ஃபுளோரிடாவுக்கு. முதலில் பந்து எறிகிற பிட்சர்களும் அதைப் பிடிக்கிற கேட்சர்களும் வந்து சேருவார்கள். சில நாள் கழித்து மற்றவர்கள். உடம்பு கொஞ்சம் வளைந்து கொடுத்த பிறகு, மார்ச் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் பயிற்சி ஆட்டம். அப்புறம்தான் அணிக்கு 162 ஆட்டங்கள் கொண்ட நிஜமான சீசன். ‘ஸ்பிரிங் டிரெயினிங்’ எனப்படும் இந்த ஒன்றரை மாதத்தில் நடக்கிற எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

வழக்கம் பழையது. 1886-ல் சிகாகோ அணி (இன்றைய கப்ஸ் அணியின் மூதாதை) சீசனுக்கு முன்பு அர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போனது. குளிர்காலம் பூராவும் குடித்தும் தின்றும் ஏற்றிக்கொண்ட சதையை வெந்நீரில் வேகவைத்து இறக்குவதுதான் நோக்கம். அது பலித்தது. மற்ற அணிகளும் தெற்கே இறங்கத் தொடங்கின.

ஃபுளோரிடாவில் ஆடுகிற அணிகளின் வட்டத்துக்கு ‘கிரேப் ஃபுரூட் லீக்’ என்று பெயர். நம் பம்ப்ளிமாஸுக்கு உறவுக்காரப் பழம் அது. பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. 1915-ல் டேட்டோனா பீச்சில், புரூக்ளின் அணியின் மேனேஜர் வில்பர்ட் ராபின்சன், விமானத்திலிருந்து போடுகிற பேஸ்பாலைக் கையால் பிடித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார். விமானம் ஓட்டியவர் ரூத் லா என்ற பெண்மணி. மேலேயிருந்து வந்ததோ பந்து இல்லை, கிரேப் ஃபுரூட். மார்பில் விழுந்து வெடித்தது. வழிந்த சாற்றை ரத்தம் என்று நினைத்த மேனேஜர், செத்தேன் என்று அலறினாராம். அரிசோனாக்காரர்களுக்கு இவ்வளவு ரசமான கதை கிடைக்கவில்லை. பாலைவனம், கள்ளிச்செடி, எனவே ‘காக்டஸ் லீக்’.

என் அக்கா மகன் சிகாகோவின் புறநகரில் குடியிருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, மனைவி, பதினோரு வயதுப் பெண், ஏழு வயதுப் பையன். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு மார்ச் மாதம் ஒரு வாரம் லீவு விடுகிறார்கள். அந்த ஒரு வாரத்தை மூன்று வருஷமாக அவன் அரிசோனாவுக்கே எழுதி வைத்துவிட்டான். இந்த முறை, “நீங்களும் வாங்க மாமா, பனியில் உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க?” என்று என்னையும் இழுத்துக்கொண்டான். நான்கு நாள், ஐந்து ஆட்டங்கள். மீதி நேரத்துக்கு மலை, பாலைவனம், நீச்சல் குளம்.

இந்தச் சுற்றுலாவின் சௌகரியம் பூகோளத்தில் இருக்கிறது. அரிசோனாவின் 15 அணிகளுக்கு 10 மைதானங்கள். பத்தும் ஃபீனிக்ஸ் நகரையும் அதை ஒட்டிய ஊர்களையும் சுற்றியே இருக்கின்றன. மேசா, ஸ்காட்ஸ்டேல், டெம்ப்பி, பியோரியா, சர்ப்ரைஸ், குட்இயர், கிளென்டேல். ஒரே ஓட்டலில் தங்கி, எந்த மைதானத்துக்கும் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரும்பாலான ஆட்டங்கள் பகல் ஒரு மணி வாக்கில் தொடங்கும், சில ராத்திரியில். ஆசை இருந்தால் ஒரே நாளில் இரண்டு. ஃபுளோரிடாவில் அப்படி இல்லை. மைதானங்கள் இரண்டு கடற்கரைகளிலுமாகச் சிதறிக் கிடப்பதால் காரிலேயே பாதி லீவு கழிந்துவிடும். பதிலுக்குக் கடல் இருக்கிறது. டிஸ்னி வேர்ல்டு இருக்கிறது. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகளில் இந்த விவாதம் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடும்.

கப்ஸ் அணி 1979 முதல் தொடர்ந்து மேசாவில் பயிற்சி எடுக்கிறது. 2014-ல் திறந்த ஸ்லோன் பார்க் அதன் இப்போதைய வீடு. 15,000 பேர் உட்காரலாம். பயிற்சி மைதானத்துக்கு இது பெரிது. சிகாகோவில் அவர்களுடைய நிஜ மைதானமான ரிக்லி ஃபீல்டு கொள்கிற கூட்டத்தில் இது பாதிகூட இல்லை. வெளிப்பக்கம் நாற்காலியே கிடையாது. புல் மேடு. ஜமுக்காளத்தை விரித்து உட்கார வேண்டியதுதான். சிகாகோவில் கம்பளிக் கோட்டுக்குள் ஒளிந்திருந்த ஜனங்கள் இங்கே 25 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மல்லாந்து கிடக்கிறார்கள். குழந்தைகள் சரிவில் உருள்கின்றன. யாரோ ஒரு தாத்தா பென்சிலால் ஸ்கோர் எழுதுகிறார். அடுத்த ஜமுக்காளத்தில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது.

“ரிக்லியில மேல் மாடத்துல உட்கார்ந்தா ஆள் எறும்பு மாதிரி தெரிவான், மாமா. இங்கே அவன் இருமினாலே கேட்கும்” என்றான் அக்கா மகன். கேட்டது. வேலியை ஒட்டி நின்றிருந்த ஆட்டக்காரர் ஒருவர் பையனைப் பார்த்து, உன் ஐஸ்கிரீம் சட்டையில் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஆட்டத்தைக் கவனித்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பையன் ஊர் திரும்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தான். கையெழுத்துக்கு ஏற்ற நேரம் ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம். சீசனில் போலீஸ் வளையத்துக்குள் போகிற ஆட்கள், இங்கே வேலி ஓரம் நின்று பந்திலும் தொப்பியிலும் கிறுக்கித் தருகிறார்கள். எல்லோரும் இல்லை; தருகிறவர்கள் போதுமான பேர்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு பாலபாடம். பிட்சர் எறிகிற பந்தை அடித்துவிட்டு நான்கு பேஸ்களைச் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று அவுட் ஆனால் உங்கள் முறை முடிந்தது. அந்த மாதிரி ஒன்பது முறை. கிரிக்கெட்டில் பந்தைத் தடுத்து நின்று காலம் தள்ளலாம். இங்கே அதற்கு இடமில்லை. நன்றாக அடிக்கிறவர்கள்கூடப் பத்துக்கு ஏழு முறை அவுட் ஆகிறார்கள். தோல்வியை இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்கிற ஆட்டத்துக்கு, கணக்கில் சேராத ஒரு மாதம் இருப்பதில் நியாயம் உண்டு.

கணக்கில் சேராததால் அது ஒரு சோதனைச் சாலையாகவும் இருக்கிறது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்ற புகாருக்காக, பிட்சர் எறியவும் பேட்ஸ்மேன் தயாராகவும் கெடு வைக்கிற கடிகாரத்தை 2023-ல் கொண்டு வந்தார்கள். மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் அதை முதலில் சந்தித்தது ஸ்பிரிங் டிரெயினிங்கில்தான். அந்த பிப்ரவரி 25-ம் தேதி ஃபுளோரிடாவில் பாஸ்டனுக்கும் அட்லான்டாவுக்கும் ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், 6-6, மூன்று பேஸ்களிலும் ஆள், கடைசிப் பந்து. பேட்ஸ்மேன் சரியான நேரத்துக்குள் தயாராகவில்லை என்று அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து எறியப்படாமலே ஆட்டம் முடிந்தது. ரசிகர்கள் ஊ என்று கத்தினார்கள். சீசனில் நடந்திருந்தால் கலவரமாகியிருக்கும். இங்கே அது டை. பஸ் ஏறினார்கள். பந்தா ஸ்ட்ரைக்கா என்று அம்பயர் சொன்னதை எதிர்த்து மெஷினிடம் முறையிடும் ஏற்பாட்டையும் 2025 ஸ்பிரிங் டிரெயினிங்கில் சோதித்துப் பார்த்த பிறகே சீசனுக்குள் விட முடிவு செய்தார்கள்.

இதுவரை படித்துவிட்டு, எல்லாம் பிக்னிக் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். புல் மேட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அது பிக்னிக். மூன்றாம் நாள் ஆட்டத்தில், ஆறாவது இன்னிங்ஸ் வாக்கில், பதினோரு வயதுக்காரி என் கையைச் சுரண்டினாள். “தாத்தா, அந்த அண்ணா சட்டையில பேரே இல்லை, பாருங்க.”

உண்மை. முதுகில் 90-க்கு மேற்பட்ட ஒரு எண் மட்டும் இருந்தது. அவளுடைய அப்பா விளக்கினான். சின்ன எண்கள் நிலையானவர்களுக்கு. பெரிய எண்கள், பக்கத்து மைதானங்களில் பயிற்சி எடுக்கிற மைனர் லீக் பையன்களுக்கு. அன்றைக்கு ஆள் தேவைப்பட்டால் காலையில் கூப்பிட்டு ஒரு சட்டையைக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பெயர் தைக்க நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. நாளைக்கு அவன் வராமல் போகலாம்.

பிப்ரவரியில் ஒரு அணியின் பெரிய முகாமில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். சீசனின் முதல் நாள் அணியில் இடம் 26. மீதிப் பேர் மார்ச் மாதம் பூராவும் வாரா வாரம் கழிக்கப்படுகிறார்கள். காலையில் மேனேஜரின் அறைக்குக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசுவார்கள். லாக்கரைக் காலி செய்துவிட்டு, பெரும்பாலும் அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்துக்கு நடந்து போக வேண்டும். நூறு அடி தூரம்தான். அந்த நூறு அடியின் விலை என்ன தெரியுமா? 2026-ல் மேஜர் லீகில் ஒரு முழு சீசனுக்குக் குறைந்தபட்ச சம்பளம் 7,80,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே உள்ள மைனர் லீகில், 2023 ஒப்பந்தம் நிர்ணயித்த குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 35,800 டாலர். அதே அரிசோனா வெயிலில் டாட்ஜர்ஸ் முகாமில் பயிற்சி எடுக்கிற ஷோஹே ஓடானி, 2023 டிசம்பரில் 10 வருஷத்துக்கு 70 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டவர்.

35,800 என்பதும் போராடிப் பெற்றது. அதற்கு முன்னால் அந்தப் படியில் வருஷத்துக்கு 17,500 டாலர்தான் குறைந்தபட்சம். மிகக் கீழ்ப்படியில் 4,800. அதுவும் சீசனில் மட்டும். ஸ்பிரிங் டிரெயினிங்குக்கு மைனர் லீக் பையன்களுக்குச் சம்பளமே கிடையாது. காலை ஏழு மணியிலிருந்து மைதானத்தில் ஓடுகிறவனுக்குக் கிடைத்தது சாப்பாட்டுப் படிதான். அது வேலை இல்லை, பயிற்சி. அதனால் கூலி இல்லை என்பது முதலாளிகளின் வாதம். 2014-ல் முன்னாள் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். எட்டு வருஷம் இழுத்தது. 2022-ல், ஸ்பிரிங் டிரெயினிங்கில் இருப்பவனும் வேலைக்காரன்தான் என்று நீதிபதி சொன்னார். அந்த வருஷமே 18.5 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். மறு வருஷம் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கம் மூலம் முதல் ஒப்பந்தம் போட்டார்கள். நாங்கள் டிக்கெட் வாங்கி, பாப்கார்ன் வாங்கி, பார்க்கிங்குக்குக் காசு கொடுத்து வேடிக்கை பார்த்த அந்தப் பேரில்லாத பையனுக்கு, அன்றைய உழைப்புக்குக் கூலி உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு வந்திருந்தால் அதுகூடக் கிடையாது.

அவன் ஒரே ஒரு முறை பேட் பிடித்தான். மூன்று பந்தில் அவுட். பெண் மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள்.

பழைய கணக்கு ஒன்றும் இந்த வெயிலுக்குள் இருக்கிறது. வடக்கத்தி அணிகள் பயிற்சிக்கு இறங்கியது, நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய தெற்கத்தி மண்ணில். 1946-ல் ஜாக்கி ராபின்சன் முதன்முதலாக வெள்ளையர்களோடு பயிற்சிக்கு வந்தது ஃபுளோரிடாவுக்கு. சான்ஃபோர்டு என்ற ஊரிலிருந்து அவரை மிரட்டி விரட்டினார்கள். ஜாக்சன்வில்லில் மைதானத்தையே பூட்டிவிட்டார்கள். டேட்டோனா பீச் மட்டும் அனுமதித்தது. மார்ச் 17-ம் தேதி அவர் அங்கே ஆடினார். அந்த மைதானத்துக்கு இன்று அவர் பெயர். அணி தங்கிய ஓட்டலில் அவருக்கு இடமில்லை. ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார்.

1947-ல் கிளீவ்லேண்டு அணியின் முதலாளி பில் வெக் தன் முகாமை அரிசோனாவின் டூசானுக்கு மாற்றினார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி ஃபீனிக்ஸுக்கு வந்தது. காக்டஸ் லீகின் தொடக்கம் அதுதான். ஃபுளோரிடாவின் நிறவெறி தன் காரணங்களில் ஒன்று என்று வெக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஜூலையில் அவர் லாரி டோபி என்ற கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்தார். மறு வசந்தத்தில் டோபி டூசானுக்கு வந்தபோது அணியின் ஓட்டல் அவரையும் உள்ளே விடவில்லை. ஊர் மாறியது, வாசல் மாறவில்லை.

இதில் குடும்பச் சுற்றுலாவுக்கு நேராகச் சம்பந்தமுள்ள அத்தியாயம் 1961-ல் வருகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நகரப் பிரமுகர்கள் கொடுத்த காலை விருந்துக்குக் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அழைப்பு இல்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பில் வைட் அதைப் பத்திரிகைக்காரரிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் வெள்ளை ஆட்டக்காரர்கள் மனைவி மக்களோடு கடற்கரை வீடுகளில் தங்குவார்கள். கறுப்பர்களுக்கு ஊரின் இன்னொரு மூலை. பில் வைட் பேசியதும் விஷயம் பெரிதானது. அடுத்து, அணி முழுக்க ஒரே இடத்தில் தங்க மோட்டல் ஏற்பாடாயிற்று. ஸ்டான் மியூஸியல் போன்ற நட்சத்திரங்களும் தங்கள் கடற்கரை வீட்டை விட்டுவிட்டு அங்கே வந்தார்கள். வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் ஒரே குளத்தில் நீந்துவதைப் பார்க்க ஊர்க்காரர்கள் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்களாம். ஸ்கோர் போர்டில் ஏறாத ஒரு ஜெயம் அது. அந்த மார்ச் மாதத்துப் பயிற்சி ஆட்டங்களில் யார் ஜெயித்தார்கள் என்று இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

இன்று பிரிக்கிற கோடு வேறு. அது பணம். சிகாகோவின் பெரிய மைதானத்தைவிடப் புல் மேட்டு டிக்கெட் பொதுவாக மலிவு. ஆனால் கப்ஸ் மாதிரி ஜனப்பிரியமான அணி, சனிக்கிழமை, எதிரணியும் பேர் பெற்றது என்றால் விலை எகிறிவிடும். ஃபீனிக்ஸ் ஓட்டல்களுக்கு மார்ச்தான் அறுவடைக் காலம். ஒரு காலத்தில் பென்ஷன்காரர்களும் பள்ளி வாத்தியார்களும் நினைத்த மாத்திரத்தில் போய் உட்கார்ந்த இடம், இப்போது மாதக்கணக்கில் முன்கூட்டித் திட்டமிட வேண்டிய இடம். மருமகள் இதற்குத் தனி வழி வைத்திருக்கிறாள். வாரநாள் ஆட்டங்கள், சின்ன அணிகள், காரில் புளியோதரை. “கப்ஸ் ஆட்டம் ஒண்ணு போதும். மத்ததெல்லாம் யார் ஆடினா என்ன, வெயில் ஒண்ணுதானே” என்பது அவள் சித்தாந்தம்.

ஊர்களுக்கும் இதில் பந்தயம் உண்டு. அணி வந்தால் மார்ச்சில் ஓட்டல் நிறையும், கடை நிறையும். எனவே அணிகளை இழுக்க நகராட்சிகள் பொதுப் பணத்தில் மைதானம் கட்டிக் கொடுக்கின்றன. ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிக்கோப்பா கவுன்டியில் 2000-ல் வாக்கெடுப்பு நடத்தி, ஓட்டல் அறைக்கும் வாடகைக் காருக்கும் வரி போட்டுப் பணம் திரட்டினார்கள். அதாவது, டிக்கெட் வாங்குவதற்கு முன்பே, ஏர்போர்ட்டில் கார் சாவி வாங்கும்போதே சுற்றுலாக் குடும்பம் மைதானத்துக்குத் தவணை கட்டிவிடுகிறது.

ஒரு ஊருக்கு வருவது இன்னொரு ஊரிலிருந்து போவது. டாட்ஜர்ஸ் அணி 1948-லிருந்து ஃபுளோரிடாவின் வெரோ பீச்சில் முகாம் போட்டது. பழைய கடற்படை விமானத் தளம்; ‘டாட்ஜர்டவுன்’ என்றே பேர். 1958-ல் அணி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த பிறகும், ஒவ்வொரு வசந்தத்திலும் நாட்டின் குறுக்கே பறந்து அங்கேயே வந்தார்கள். 2008-ல் அதுவும் முடிந்தது. 2009-ல் கிளென்டேல் கட்டிய புது மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். காக்டஸ் லீகைத் தொடங்கி வைத்த டூசானுக்கு நேர்ந்ததும் அதுதான். 2010-க்குப் பிறகு அங்கே ஒரு அணிகூட இல்லை. கிரிக்கெட் மைதானம் கட்டி, மேட்ச் வராமல் புல் முளைத்துக் கிடக்கிற நம் மாவட்டத் தலைநகரங்கள் இதைப் புரிந்துகொள்ளும்.

இந்தியாவுக்கு இதில் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. 2008-ல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற டெலிவிஷன் போட்டியில், வேகமாகப் பந்து எறிகிற இந்தியப் பையன்களைத் தேடினார்கள். தேறியவர்கள் உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறிபவர்கள். அதுவரை பேஸ்பாலைத் தொட்டதில்லை. அந்த வருஷக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்து, ஃபுளோரிடாவின் பிராடென்டனில் உள்ள தன் பயிற்சி வளாகத்துக்கு அனுப்பியது. 2009 ஜூலையில் ரிங்கு சிங் கீழ்ப்படி லீகில் ஒரு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்து, அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பாலில் அப்படிச் செய்த முதல் இந்தியர் ஆனார். 2014-ல் டிஸ்னி இதைப் படமாக எடுத்தது, இசை ஏ.ஆர். ரஹ்மான். இருவரில் யாரும் மேஜர் லீகை எட்டவில்லை. படேலை 2010-லேயே அனுப்பிவிட்டார்கள். சிங் காயங்களோடு பல வருஷம் போராடிவிட்டு மல்யுத்தத்துக்குப் போனார். அவர்களும் அந்தப் பெரிய எண் சட்டைக்காரர்களின் ஜாதிதான்.

நம் கிரிக்கெட் வாரியத்துக்கு இதில் பாடம் ஏதாவது உண்டா? 2025 ஜனவரி 30-ம் தேதி, 12 வருஷத்துக்குப் பிறகு விராட் கோலி டெல்லிக்காக ரஞ்சி ஆட்டம் ஆடினார். அனுமதி இலவசம். விடியற்காலையிலேயே மைதானத்துக்கு வெளியே வரிசை. வழக்கமாகக் காக்கைகள் மட்டுமே பார்க்கிற ரஞ்சி ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனம். மறுநாள் கோலி ஆறு ரன்னில் அவுட் ஆனார். அவர் போனதும் கூட்டமும் கரைந்தது. ஜனங்களுக்கு ரஞ்சி மீது அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. டெலிவிஷனில் தினமும் பார்க்கிற ஆளை ஐம்பது அடி தூரத்தில் பார்க்க வேண்டும் என்ற பசி இங்கேயும் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு வாரம், பெரிய ஆட்டக்காரர்களும் பேரில்லாத பையன்களும் கலந்து ஆடுகிற ஆட்டங்களை, பெரிய நகரம் இல்லாத ஒரு ஊரில், பள்ளி லீவு நாளில், குடும்பத்தோடு உட்காரக்கூடிய விலையில் நடத்தினால் என்ன? சுத்தமான கழிப்பறையும் கொஞ்சம் நிழலும் இருந்தால் போதும். கேள்வி கேட்பது சுலபம். நம் ஆட்டக்காரர்களின் காலண்டரில் இரண்டு வாரம் எங்கே காலியாக இருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

மார்ச் மாதம் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற பெற்றோர்கள் இப்போது நிறையப் பேர். குளிரில் வீட்டுக்குள் அடைந்து சீரியல் பார்ப்பதற்குப் பதிலாக, பிள்ளைகளை இங்கே அழைத்துப் போகச் சொல்லலாம். ஆட்டம் புரிய வேண்டிய அவசியம் இல்லை. தொப்பி வேண்டும், பாலைவன வெயில் வியர்க்காமலே சுட்டுவிடும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். புல் மேட்டில் உட்கார்ந்து எழ முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நாற்காலி டிக்கெட் வாங்கட்டும். மூன்றாம் பேஸ் பக்கமா முதல் பேஸ் பக்கமா, எது சீக்கிரம் நிழல் தரும் என்று கேட்டு வாங்கட்டும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து 1908-ல் எழுதிய ஒரு பாட்டைப் பாடுவார்கள். கூட நின்றால் போதும். முக்கியமாக, காலையில் சீக்கிரம் போய்ப் பெரிய மைதானத்தின் பின்பக்கத்தை விசாரியுங்கள். பல வளாகங்களில் மைனர் லீக் பையன்கள் பயிற்சி எடுக்கிற சின்ன மைதானங்கள் உண்டு. பல இடங்களில் அங்கே டிக்கெட் கிடையாது.

கடைசி நாள் காலை நாங்கள் அங்கேதான் இருந்தோம். வேலி ஓரம் இருபது பேர்கூட இல்லை. நாலைந்து பேர் ஆட்டக்காரர்களின் பெற்றோர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஒரு அம்மா, மகன் பேட் பிடிக்கும்போதெல்லாம் திரும்பி நின்றுகொண்டார். பார்க்கத் தைரியம் இல்லையாம். ஸ்பானிஷ் பேசுகிற பையன்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண் தன் நோட்டைத் திறந்து எண்களை எழுதத் தொடங்கினாள்: 84, 91, 96. எதற்கு என்று கேட்டேன். “இவங்க யாராவது சிகாகோவுக்கு வந்தா எனக்குத் தெரியணும் இல்லையா தாத்தா? நான்தானே முதல்ல பார்த்தேன்” என்றாள். எண் மாறிவிடுமே, பெயரையும் கேட்டுக்கொள் என்று அவள் அப்பா சொன்னான். வேலி ஓரம் போய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெயர் கேட்டாள். மூன்று பேரும் ஸ்பெல்லிங் சொல்லி எழுத வைத்தார்கள்.